ஒரே ஞாயிறு, இரண்டு அடுப்பு

அத்தியாயம் 9

அறுபது கோழி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அறுபதும் யோவானாவின் வீட்டு மாடிப்படி ஏறின. சுமந்து ஏறியவன் அவள் புருஷன் கிரிமால்டோ. முப்பத்தொரு படி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு முனகல்.

"உம் பொண்ணு பந்து பிடிக்கிறதுக்கு எம் முதுகு ஒடியணுமா?"

"கோல் தடுத்தா உங்க பொண்ணு, செலவு வந்தா எம் பொண்ணா? நல்லா இருக்கே நியாயம்! மூட்டையை அந்தப் பக்கம் வைங்க."

போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் மேட்டுத் தெருச் சிறுமிகள் பதினாறு பேர். சோசிமோ மாஸ்டர் ஒரு பைசா வாங்காமல் சிமெண்ட் மைதானத்தில் பழக்கிவிட்ட பிள்ளைகள். அவர்கள் மாவட்டக் கால்பந்து லீக்கில் ஆட வேண்டுமென்றால் இரண்டாயிரத்து நானூறு சோல் கட்ட வேண்டும். பதிவுக்கு, அடையாள அட்டைக்கு, டாக்டர் சீட்டுக்கு, நடுவருக்கு என்று எல்லாம் சேர்த்து. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி கெடு. தவணை கிடையாது என்று லீக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு லீக் ஒரு பிரிவு திறப்பது இந்த வருடம்தான். அதை விட்டால் அடுத்தது பதினாறு வயதுக்கு. யோவானாவின் மகள் தமாரிஸுக்குப் பன்னிரண்டு நடக்கிறது. இப்போது தவறினால் நாலு வருடம் அவள் சுவரோடுதான் பந்தாட வேண்டும். நாலு வருடத்தில் எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருத்தி தையல் கூடத்தில் இருப்பாள், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு இருப்பாள்.

கையில் காசில்லாதவன் எங்கள் பக்கத்தில் வட்டிக்கடைக்குப் போகமாட்டான், பொயாதா வைப்பான். கார்டு அச்சடித்து முன்னாலேயே விற்று, ஞாயிற்றுக்கிழமை மசாலாவில் ஊறிய கால் கோழியைப் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்துக் கொடுப்பான். ஸ்பீக்கர் கட்டுவான், பீர் விற்பான். இன்றைக்கு என் கார்டை நீ வாங்கு, நாளைக்கு உன் கார்டை நான் வாங்குகிறேன். இந்த மேட்டில் பாதிக் கூரை இப்படி எழுந்ததுதான்.

அப்படித்தான் யோவானாவும் நாள் குறித்தாள். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து கார்டு வீதம் இருநூற்று நாற்பது கார்டும் விற்றுத் தீர்ந்தன. நாளை ஞாயிறு.

நான் துலியா. எதிரில் கடை வைத்திருப்பவள். என் கல்லாவில் உட்கார்ந்தால் யோவானாவின் மாடியும் தெரியும், அதற்குக் கீழே அவள் நாத்தனார் எர்மெலிந்தாவின் வாசலும் தெரியும். ஒரே வீடுதான். அப்பன் செத்த பிறகு மாடி யாருக்கு என்று அக்காளும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். உள்ளே இருந்த படியை இடித்து வெளியில் தனிப்படி கட்டி, இரண்டு வருடமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. தமாரிஸ் மட்டும் கீழே போவாள், வருவாள். அதை இரண்டு பக்கமும் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்.

அவர்கள் வீட்டுப் பேச்செல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் சுவர்கள் ஒற்றைச் செங்கல்.

ஒன்பது மணிக்கெல்லாம் தூறல் பிடித்துக்கொண்டது. மாடியில் யோவானா தொட்டிகளில் சிவப்பு மிளகாய் விழுதைக் கொட்டி, பூண்டு போட்டு, வினிகர் ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். காற்று திரும்பியது. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

சீரக வாசனை தூக்கலாக வந்தது. அவள் தொட்டியில் அவ்வளவு சீரகம் இல்லை. அந்த அளவுக்குச் சீரகம் போடுவது அவள் மாமியார் கைப்பக்குவம். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு அப்படிப் போடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

யோவானா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். பின்கட்டில் பெரிய தொட்டி. எர்மெலிந்தாவின் மகன் யேர்சன் கோழியைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"டேய் யேர்சன்! என்னடா பண்ற?"

"பாத்தா தெரியலையா? கோழி ஊற வைக்கிறேன்."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க அத்தை. அம்மா வாயை மூடிட்டு இருன்னு சொல்லிருக்கு. இல்லைன்னா நடக்கிறதே வேற."

யோவானா கையைக்கூடக் கழுவாமல் இறங்கி ஓடினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பின்கட்டில் கால் வைத்தாள். யேர்சன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். எர்மெலிந்தாவின் உடல்நலத்துக்காகப் பொயாதா. ஞாயிறு, பகல் பன்னிரண்டு முதல். அதே நாள், அதே நேரம்.

"என்னடா ஆச்சு அண்ணிக்கு?"

"வயித்துல கட்டி. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பெட்டு இலவசம், அறுக்கிறது இலவசம். மருந்து, ரத்தம், ஊசி நூல் வரைக்கும் நாமதான் வெளியில வாங்கித் தரணுமாம். இல்லைன்னா தேதியைத் தள்ளிடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு."

யோவானா தேதியை இன்னொரு தடவை படித்தாள். "கார்டு வித்துதா?"

"நூத்தியிருபதுல நாப்பது. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் 'இப்பத்தான் உங்க அத்தைகிட்ட வாங்கினோம் தம்பி'ன்னு சொல்றாங்க. ஒரு வீட்டுல ரெண்டு கார்டு யாரு வாங்குவா? தெருவே பேசுது அத்தை. மாடிக்குப் போட்ட சண்டைக்கு நீங்க கோழியில பழி வாங்குறீங்களாம்."

"மாதாவே! சத்தியமா எனக்குத் தெரியாதுடா!"

"தெரியாதா?" யேர்சன் நிமிர்ந்தான். "உங்க பொண்ணுகிட்டயே அம்மா முப்பது கார்டு குடுத்துச்சு. பத்து நாளாச்சு. இன்னிவரைக்கும் காசும் வரலை, கார்டும் வரலை."

எங்கள் தெருவில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. நோயாளிக்காக ஒரு வீட்டில் அடுப்பு எரிகிற நாளில் வேறு எவனும் அடுப்பு மூட்டக் கூடாது. கல்யாணமானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி, தள்ளிப் போட வேண்டும். திருடனுக்குக்கூட இந்தத் தெரு சோறு போடும். அந்தச் சட்டத்தை மீறியவனுக்குப் போடாது.

யோவானா மாடிக்கு ஏறினாள். தமாரிஸ் உருளைக்கிழங்கு மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கார்டு எங்கடி?"

எந்தக் கார்டு என்று அவள் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே யோவானாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. பிள்ளை எழுந்து போய்ப் பள்ளிக்கூடப் பையைத் திறந்து, கணக்கு நோட்டுக்குள்ளிருந்து கட்டை எடுத்து வந்தாள். முப்பதும் அப்படியே இருந்தன.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

"அத்தை கார்டைக் காட்டினா நம்ம கார்டை யாரும் வாங்க மாட்டாங்கம்மா. உடம்பு சரியில்லைன்னா எல்லாரும் அதைத்தான் வாங்குவாங்க. மாஸ்டர் திங்கக்கிழமைன்னு சொல்லிட்டாரு." மூச்சு வாங்கினாள். "முதல்ல நம்மளோடதை வித்துடலாம், அப்புறம் அத்தையோடதை விக்கலாம்னுதான் நினைச்சேன். அப்புறம் பாத்தா வாங்க வீடே மிச்சமில்லை."

"ஆபரேஷன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீ நிறுத்திடுவேம்மா."

யோவானா கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையிலிருந்து மசாலா சொட்டியது. அடிக்க மனசு வராமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அடித்த அடியில் நெற்றியெல்லாம் மிளகாய் எரிந்தது, அந்த எரிச்சலோடு சேர்ந்து அழுகையும் வந்தது. பெற்றவளுக்குத்தானே தெரியும், பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்று. சொல்லியிருந்தால் அவள் நிறுத்தித்தான் இருப்பாள்.

பிள்ளையைச் சொல்லி என்ன, என் கதையைக் கேளுங்கள். நான் இரண்டு கார்டும் வாங்கியவள். யோவானாவிடம் ஒன்று, யேர்சனிடம் ஒன்று. இரண்டிலும் ஒரே தேதி என்று அன்றைக்கே பார்த்தேன். சொன்னால் சண்டை வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் இரண்டு வீட்டிலிருந்தும் எனக்குப் பீர் ஆர்டர் வந்திருந்தது. நானும் ஒரு மனுஷியா?

பன்னிரண்டு மணிக்குக் கிரிமால்டோ மோட்டார் ரிக்‌ஷாவைக் கடை முன்னால் நிறுத்திச் சோடா கேட்டான். யோவானா பின்னாலேயே வந்து நின்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் சோடாவைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடி?"

அவள் சொன்னாள். கட்டி, செவ்வாய்க்கிழமை, நாற்பது கார்டு, முப்பது கார்டு, எல்லாம் சொன்னாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்காவுக்கா? எங்க அக்காவுக்கா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "துலியாக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் பீர் பெட்டியைப் பார்த்தேன்.

"நீங்களுமா? அவ செத்தாக்கூட எனக்குச் சொல்லமாட்டீங்க, இல்ல?"

"கீழ போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க," என்றாள் யோவானா.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது? படியை இடிச்சவனே நான்தானே."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு இறக்கத்தில் போய்விட்டான். சோடா அப்படியே இருந்தது.

நாலு மணிக்குச் சிமெண்ட் மைதானத்தில் கூட்டம் கூட்டினார்கள். பதினாறு தாய்மார், ஓரத்தில் பதினாறு பிள்ளைகள், நடுவில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோசிமோ மாஸ்டர். நானும் போனேன். குற்றமுள்ள நெஞ்சு வீட்டில் இருக்க விடவில்லை.

யோவானா சுற்றி வளைக்காமல் சொன்னாள். "எங்க அண்ணிக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அவங்க பொயாதாவும் நாளைக்குத்தான். அவங்களோட கோழியெல்லாம் வித்துத் தீர்ற வரைக்கும் நம்ம அடுப்பு எரியக் கூடாது. அதுக்கு அப்புறம் நாம ஆரம்பிக்கலாம்."

பெத்சபே எழுந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள், ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கிறவள். அவள் மகள்தான் டீமில் முன்னால் நின்று கோல் போடுகிறவள்.

"நம்ம கார்டு வச்சிருக்கவன் பன்னண்டு மணிக்குப் பசியோட வந்து நிப்பான். அவனுக்கு என்ன பதில் சொல்லுவ? காசைத் திருப்பிக் குடுன்னு கேப்பான். காசு எங்க இருக்கு? கோழியா மாறித் தொட்டியில ஊறுது."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவோம் பெத்சபே."

"பசிச்சவன் பொறுப்பானா? சாயங்காலம் வரைக்கும் அவங்க கோழி விக்கலைன்னா? திங்கக்கிழமை என் பொண்ணுகிட்ட என்ன சொல்றது? அடுத்த தெருவுல காசுள்ளவன் பிள்ளை அகாடமிக்குக் கார்ல போகுது. எம் பொண்ணு போடுற ஷூ ரெண்டு பேரு போட்டுக் கழிச்சது. அவளுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்!"

"உடம்பு சரியில்லாதவங்க முதல்லங்கறது நம்ம வழக்கம்தானேம்மா," என்றார் மாஸ்டர் மெதுவாக.

"வழக்கம் எனக்கும் தெரியும் மாஸ்டர். அதைத் தேதி குறிக்கும்போது யோசிச்சிருக்கணும்." பெத்சபே யோவானாவை நேராகப் பார்த்தாள். "நீ நாத்தனாரைப் பழிவாங்க நாள் குறிச்ச. இப்ப ஊர் ஏசுதுன்னதும் எங்க பிள்ளைங்க வயித்துல அடிக்கிற."

யோவானா வாயைத் திறந்தாள். மகளைக் காட்டிக் கொடுத்தால்தான் தன்மேல் விழுந்த பழி போகும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆளுக்கு ஒன்று பேச ஆரம்பித்தார்கள். அப்போது தமாரிஸ் ஓரத்திலிருந்து எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்," என்றாள். "அத்தை முப்பது கார்டு குடுத்தாங்க. நான் ஒளிச்சு வச்சுட்டேன். நம்ம கார்டு விக்கணும்னுதான் பண்ணேன்."

மாஸ்டர் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு எதையும் நழுவ விடாதே, கடைசிவரை விடாதே என்று மூன்று வருடமாகக் கத்தியவர் அவர்தான்.

பெத்சபேயின் மகள்தான் முதலில் பேசினாள். "எங்களுக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லிடாத. நாங்க யாரும் உன்னை அப்படிப் பண்ணச் சொல்லலை."

அந்தப் பேச்சு தமாரிஸை எந்த அடியையும்விட அதிகமாக அடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கை தூக்கச் சொன்னார்கள். எர்மெலிந்தாவின் கோழி முதலில் என்று ஒன்பது கை, வேண்டாம் என்று ஏழு கை. யோவானா இரண்டுக்கும் தூக்காமல் நின்று, கடைசியில்தான் தூக்கினாள். அவள் கைதான் ஒன்பதாவது.

பெத்சபே சால்வையை உதறித் தோளில் போட்டாள். "சரி. என் பதினஞ்சு தட்டுக்கான கோழியை இப்பவே வந்து எடுத்துக்கிறேன். நாளைக்குப் பன்னண்டு மணிக்கு எம் வாசல்ல அடுப்பு எரியும். எவ தடுக்கிறான்னு பாக்கிறேன்."

சொன்னபடியே செய்தாள். ஐந்தரை மணிக்கு ஒரு வாளியோடு மாடியேறி வந்து, எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வாளியோடு வந்தார்கள். யோவானா தடுக்கவில்லை, கரண்டியை எடுத்துத் தானே அள்ளிக் கொடுத்தாள்.

ஆறு மணியாகியும் கிரிமால்டோ வரவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருந்தான். யோவானா படியில் உட்கார்ந்து இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமாரிஸ் முப்பது கார்டோடு வந்து அவளைத் தாண்டி இறங்கினாள்.

"எங்கடி போற?"

"அத்தைகிட்ட."

"இரு, நானும் வரேன்."

"வேண்டாம்மா. நான்தானே பண்ணேன்."

எர்மெலிந்தா வாசலறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள், முகம் மஞ்சளடித்துப் போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அதனால்தான் எதிர்க்கடையில் எனக்கு எல்லாம் கேட்டது.

"எத்தனை வித்த?"

"ஒண்ணுகூட விக்கலை அத்தை."

"யாரு சொல்லிக் குடுத்தா? உங்கம்மாவா?"

"யாரும் இல்லை. நானேதான்."

"மைதானத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியாமே, யேர்சன் வந்து சொன்னான். அப்புறம் இங்க எதுக்கு வந்த?"

"அவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணலை. உங்களுக்குத்தான் பண்ணேன்."

என் கடைக்குச் சர்க்கரை வாங்க வந்தவளைக்கூட உஷ் என்று அடக்கிவிட்டேன்.

"நாளைக்கு என் கோழி விக்கலைன்னா உங்க அடுப்பு எரியாது. திங்கக்கிழமை காசு கட்ட முடியாது. அப்ப என்னைத் திட்டுவியா?"

இந்த இடத்தில் வேறு பிள்ளையாயிருந்தால் இல்லை அத்தை, மாட்டேன் அத்தை என்று குழைந்திருக்கும்.

"திட்டுவேன்," என்றாள் தமாரிஸ். "அழுவேன், திட்டுவேன், உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டேன். ஆனா நீங்க ஆபரேஷன் பண்ணாம செத்துப் போயிட்டா..." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "செத்துப் போயிட்டா அப்புறம் நான் எந்தப் பந்தையும் பிடிக்க மாட்டேன் அத்தை. அந்த லீக் எனக்கு வேண்டாம்."

எர்மெலிந்தா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து போயிருந்தது. நெடுநேரம் பேசினார்கள். நடுவில் யேர்சன் பின்கட்டிலிருந்து வந்து கதவைச் சாத்திவிட்டான், பாவி.

தமாரிஸ் வெளியே வந்தபோது தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. யோவானா படியிலிருந்து பாய்ந்து எழுந்தாள்.

"மன்னிச்சுட்டாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன இவ்வளவு நேரம் என்னடி பேசினாங்க?"

தமாரிஸ் கையை விரித்துக் காட்டினாள். கார்டுக் கட்டு இன்னும் அவளிடமே இருந்தது.

"காலையில ஏழு மணிக்கு வரச் சொன்னாங்க," என்றாள். "முப்பதையும் நானே விக்கணுமாம். முதல் கார்டை அப்பாகிட்ட விக்கணுமாம்."